பழைய பிஸ்டல் வாங்குமுன் எங்கே பார்க்க வேண்டும்

எனக்குத் தெரிந்து நம்ம மாவட்டத்தில் லைசென்ஸ் பிஸ்டல் வைத்திருப்பவர்களில் புதிது வாங்கியவர்கள் குறைவு. குலசேகரம், அருமனை பக்கத்துத் தோட்டக்காரர்கள், நாகர்கோவில் வியாபாரிகள், என்னைப்போல ராணுவத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் என்று யாரை எடுத்தாலும், கையில் இருப்பது பெரும்பாலும் அப்பா காலத்து .32 தான். 9 மில்லிமீட்டர் போன்ற ராணுவ அளவுகள் சாதாரண தனிநபர் லைசென்ஸில் கிடைக்காது. அதனால் 1899-ல் பெல்ஜியத்தில் பிறந்த 7.65 மில்லிமீட்டர், அதாவது நாம் .32 என்று சொல்லும் தோட்டாவைச் சுற்றியே இந்தச் சந்தை ஓடுகிறது. வெளிநாட்டு பிஸ்டல் இறக்குமதி 1980களோடு தனிநபர்களுக்கு அநேகமாக நின்றுவிட்டது. அதற்கு முன் உள்ளே வந்த வால்தர் பிபி, எஃப்என் 1910, வெப்ளி ஸ்காட் போன்றவைதான் கைமாறிக் கைமாறிச் சுற்றி வருகின்றன. விலையும் கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்த விலையைக் கொடுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பளபளப்பை. நான் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான்.

நான் ராணுவத்தில் இ.எம்.இ. என்ற பழுதுபார்ப்புப் பிரிவில், துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரராக இருந்தவன். இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யும் 9 மில்லிமீட்டர் 1ஏ பிஸ்டலை எத்தனையோ முறை பிரித்து, கேஜ் வைத்து அளந்து, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்றுத் தக்கலைப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகு, பழைய பிஸ்டல் வாங்க நினைக்கிறவர்கள் "அண்ணே, ஒருதடவை வந்து பாத்துச் சொல்லுங்க" என்று கூப்பிடுவார்கள். பெரும்பாலும் லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில், இல்லையென்றால் உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போது அவர் வீட்டில் பார்ப்பேன். காசு வாங்குவதில்லை. அரத்தையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துப் பழுது பார்ப்பதும் இல்லை. அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். பார்த்துச் சொல்வதோடு சரி. அப்படிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காகிதம். ஆயுதச் சட்டம் 1959, 5-வது பிரிவின்படி, விற்கிறவர் யாருக்கு விற்கப் போகிறார் என்பதை கலெக்டருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு 45 நாள் கழிய வேண்டும். வாங்குகிறவர் லைசென்ஸில் அந்த வகைக்கு இடம் இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. இதெல்லாம் முடிவதற்குள் அட்வான்ஸ் கொடுத்து பிஸ்டலைக் கையோடு கொண்டுபோகச் சொல்லும் ஆள் இருந்தால், அந்த பிஸ்டல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது, கையில் வாங்கியதும் செய்ய வேண்டியது. தோட்டா நிரப்பும் மேகசினைக் கழற்று. மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடைப் பின்னால் இழு. பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார், சுண்டு விரலை விட்டுத் தடவிப் பார். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசினைக் கழற்றாமல் ஸ்லைடை இழுத்துவிட்டால் உள்ளே இருந்த ரவுண்டு, அதாவது தோட்டா, வெளியே விழும், அடுத்தது ஏறிக்கொள்ளும். பிறகு மேகசினைக் கழற்றி "காலி" என்பார்கள். விற்கிறவர் "நான் இப்பதான் பாத்தேன், காலிதான்" என்றாலும் நீங்கள் பாருங்கள். கௌரவம் பார்க்கிற விஷயம் இல்லை இது.

இனி தேய்மானத்துக்கு வருவோம். என் கணக்கில் பிஸ்டலில் இரண்டு வகை இடம் உண்டு: தேய வேண்டிய இடம், தேயக் கூடாத இடம். பழைய வீட்டு வாசற்படி நடுவில் குழிந்திருந்தால் அங்கே ஆட்கள் நடந்தார்கள் என்று அர்த்தம். ஓரத்தில் உடைந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். அதேபோல ஸ்லைடின் முன்முனை, பேரல் வாயின் விளிம்பு, டிரிகர் கார்டின் அடிப்பக்கம், கைப்பிடியின் முன்பட்டை, இவையெல்லாம் இரும்பின் கறுப்பு மெருகு போய் வெள்ளிநிறம் தெரிந்தால் அது உறையில் போட்டு எடுத்ததால் வந்தது. சுட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல்கூட இருக்கலாம். பத்து வருடம் இடுப்பில் சுமந்து ஒரு டப்பா தோட்டாகூடச் சுடாத ஆட்கள் உண்டு. அந்தத் தேய்மானத்துக்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஆனால் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கம். ஐம்பது, அறுபது வயதான பிஸ்டல் புதுக் கறுப்பாக மின்னினால் நான் உடனே லென்ஸை எடுத்துவிடுவேன். மறுபடி கறுப்பு ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்க எழுத்துகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் அடித்த எழுத்துக்கும் முத்திரைக்கும் விளிம்பு கூர்மையாக இருக்கும், விரல் நுனியில் லேசாக உறுத்தும். பாலிஷ் போட்டுத் தேய்த்திருந்தால் எழுத்து மழுங்கி, சில இடங்களில் பாதி மறைந்திருக்கும். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி லேசாகப் பள்ளம் விழுந்திருக்கும். நேர்கோடாக இருக்க வேண்டிய மூலைகள் உருண்டிருக்கும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புக்கு அடியில் அம்மைத் தழும்பாகக் குழிகள் தெரிந்தால் கதை முடிந்தது: துருவைச் சுரண்டிவிட்டு மேலே சாயம் பூசியிருக்கிறார்கள். மறுபடி கறுப்பு ஏற்றுவது தப்பு இல்லை. ஏற்றியதைச் சொல்லாமல் "ஒரிஜினல் ஃபினிஷ்" என்று விலை சொல்வதுதான் தப்பு. அப்படி ஒன்றைச் சொல்லாமல் விட்டவர் வேறு எதைச் சொல்லவில்லை என்பது அடுத்த கேள்வி.

உலகப்போர்க் காலத்தில் அவசரமாகச் செய்த பிஸ்டல்களில் வெளியே மெஷின் கோடுகள் பளிச்சென்று தெரியும். அதைச் சிலர் கீறல் என்று நினைத்து ஒதுக்குகிறார்கள். கீறல் தன்னிஷ்டத்துக்கு ஓடும், கறுப்பை வெட்டிக்கொண்டு ஓடும். மெஷின் கோடு சீராக, பக்கம் பக்கமாக ஓடும், கறுப்பு அதன் மேலேயே ஏறியிருக்கும். அது குறையே இல்லை.

நம்ம ஊரில் எல்லாவற்றையும்விட முக்கியமானது கைப்பிடித் தகட்டுக்கு அடியில் இருப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு மழையும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. மழை இல்லாத மாதத்தில் கடற்காற்று. குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பிஸ்டலின் வெளிப்பக்கத்தை மாதம் ஒருமுறையாவது எண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். கைப்பிடித் தகட்டைக் கழற்றி யாரும் துடைப்பதில்லை. உள்ளங்கை வியர்வை ஓரத்தின் வழியாக உள்ளே இறங்கும், வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும்.

ஒருமுறை கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த வால்தர் பிபியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கடைக்காரர் கண்ணாடி மேஜையில் துணியை விரித்து வைத்திருந்தார். கறுப்பு நூற்றுக்குத் தொண்ணூறு அப்படியே இருந்தது, எழுத்து கூர்மை, பேரல் உள்ளே கண்ணாடி. வாங்க வந்திருந்த தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு. கைப்பிடி ஸ்க்ரூவைக் கழற்றுங்கள் என்று கடைக்காரரிடம் சொன்னேன். தகடு உடனே வரவில்லை. உள்ளே ஒட்டிப் பிடித்திருந்தது. மெல்ல அசைத்து எடுத்ததும் மேஜைத் துணியில் செந்தூள் கொட்டியது. கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டமான ஃபிரேமின் பக்கச் சுவரில், மேகசின் இறங்கும் இடத்தை ஒட்டி, குண்டூசித் தலை அளவுக்குக் குழிகள் வரிசையாக இருந்தன. அதோடு ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியலை, இயக்கும் ஸ்பிரிங் இருக்கும் பின்பக்கத்திலும் துரு இறங்கியிருந்தது. ஸ்பிரிங்கின் மேல் துருக்குழி விழுந்தால் அது என்றைக்கு உடையும் என்று சொல்ல முடியாது; உடைவது அந்தக் குழியில்தான். வெளியிலிருந்து பார்த்தால் மாவட்டத்திலேயே அழகான பிபி அதுதான்.

அடுத்த சில மாதத்தில் அதே தம்பி குலசேகரம் பக்கம் ஒரு எஃப்என் 1910 இருக்கிறது என்றார். உரிமையாளர் வயதானவர், கையில் கொடுக்கும்போதே, "மக்கா, பாக்கதுக்குத்தான் கெழடு, உள்ள ஒண்ணும் ஆகல்ல" என்றார். ஸ்லைடில் கறுப்பு என்று சொல்லிக்கொள்ள ஓரங்களில் கொஞ்சம்தான் மிச்சம். மற்றபடி முழுக்கச் சாம்பல் நிறம். கைப்பிடித் தகட்டை எடுத்தால் அடியில் தொழிற்சாலைக் கறுப்பு அப்படியே, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். ஸ்க்ரூ வெட்டு ஒன்றுகூடச் சிதையவில்லை. அந்த மனிதர் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் தகட்டைக் கழற்றித் துடைத்திருக்கிறார், அதற்குப் பொருத்தமான ஸ்க்ரூ டிரைவரையும் தனியாக வைத்திருந்தார். வாங்கச் சொன்னேன். விலையும் அந்த பிபியைவிடக் குறைவு.

அதனால் கைப்பிடித் தகட்டைக் கழற்ற விற்கிறவர் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம் என்பது என் தீர்மானமான கருத்து.

துருவிலும் தரம் உண்டு. மேலே பழுப்புத் தூளாக இருந்து எண்ணெய்த் துணியால் துடைத்ததும் போய்விட்டால் அது ஒன்றுமில்லை. துடைத்த பிறகும் கறுப்புப் புள்ளியாக நின்று, நகத்தால் தடவும்போது நகம் தட்டினால் குழி. குழி ஸ்லைடின் வெளிப்புறத்தில் இருந்தால் அழகு கெட்டது, அவ்வளவுதான். சேம்பருக்குள்ளும், தோட்டாவின் பின்புறம் அழுந்தும் பிரீச் முகத்திலும், ஸ்லைடு ஓடும் தண்டவாளத்திலும், ஸ்பிரிங்கிலும் இருந்தால் அது வேலையைக் கெடுக்கும்.

தண்டவாளம் என்றதும் இன்னொன்று. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்கான், மோனசைட்டோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. கார்னெட் உப்புத்தாள் செய்கிற பொருள். அந்தப் பக்கத்து வீடுகளில் எண்ணெய் சொட்டச் சொட்டப் போட்டு மேஜை டிராயரில் திறந்து வைத்த பிஸ்டலின் தண்டவாளத்தில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணெயில் ஒட்டிய மணல் ஸ்லைடை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அறுத்த கோடு அது. லேசான கோடு பரவாயில்லை. ஸ்லைடைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். ராணுவ பிஸ்டல்களில் அந்த ஆட்டம் வேண்டுமென்றே விட்டது. மெல்லப் பின்னுக்கு இழுக்கும்போது ஒரே இடத்தில் தட்டித் தட்டி நின்றால்தான் கவலை.

பேரல். எஃப்என் 1910-ல் பேரல் தனியாகக் கழன்று வரும். பிபியில் அது ஃபிரேமோடு சேர்ந்தது, கழற்ற வராது. எதுவானாலும் முதலில் உலர்ந்த துணி ஒன்றைக் கழியில் மாட்டி உள்ளே ஓட்டிவிட்டுப் பாருங்கள். எண்ணெய் நிறைந்த பேரல் எப்போதும் பளபளக்கும். அந்தப் பளபளப்பை நம்ப வேண்டாம். சேம்பர் பக்கம் வெள்ளைக் காகிதத்தைச் சாய்த்துப் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு உள்ளே போகும்படி வைத்து, வாய்ப்பக்கமிருந்து பார்க்க வேண்டும். உள்சுவரில் சுருளாக ஓடும் காடிகளின் விளிம்பு நேராக, தெளிவாக ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கங்கே கறுப்பாகத் தெரிந்தால் அழுக்கா குழியா என்பது பிரஷ் போட்டால் தெரிந்துவிடும். "கிளீன் பண்ணினா போயிரும்" என்று சொன்னால், சரி, இப்போதே பண்ணுங்கள் என்று சொல்லுங்கள். பழைய காலத்துத் தோட்டாக்களின் பிரைமரில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது உப்பாக உள்ளே படியும், ஈரத்தை இழுக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பிறகு எண்ணெய் போடச் சொன்னார்கள். அது தெரியாமல் எண்ணெய் மட்டும் போட்டு வைத்த பேரல்கள் எத்தனை அழகான பிஸ்டலிலும் உறைந்த சாம்பல்போல இருக்கும். லேசான குழி இருந்தாலும் தற்காப்புத் தூரத்தில் குறி பெரிதாகப் பிசகாது. விலையைக் குறைக்கலாம், ஒதுக்க வேண்டியதில்லை.

ஒதுக்க வேண்டியது வீக்கம். உள்ளே ஒரு இடத்தில் வளையமாகக் கறுப்பு நிழல் விழுந்தால், ஏற்கெனவே ஒரு குண்டு உள்ளே சிக்கியிருக்க அடுத்ததைச் சுட்டிருக்கிறார்கள். வெளிப்பக்கம் பேரலை விரலால் நீளமாகத் தடவினால் அந்த இடம் மேடாகத் தட்டும். பிபியிலும் 1910-லும் ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் பேரலைச் சுற்றியே இருப்பதால், வீங்கிய இடத்தில் ஸ்பிரிங் உரசி வெள்ளையாகத் தேய்ந்த தடம்கூடத் தெரியும். இது வேண்டவே வேண்டாம்.

பேரலின் வாய் விளிம்பையும் பாருங்கள். வாய்ப்பக்கமிருந்தே கழியை விட்டுச் சுத்தம் செய்துவந்தால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். பிபி போன்றவற்றில் இது அதிகம்.

அடுத்து விரிசல். இதற்கு ஆர்மரர்கள் காலங்காலமாகச் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. மண்ணெண்ணெயை அந்த இடத்தில் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். பள்ளிக்கூடச் சாக்பீஸைப் பொடித்து மேலே பூச வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் முடி போன்ற ஈரக்கோடு விழும். வெறும் கீறலில் அப்படிக் கசியாது. ஸ்லைடில் சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறும் சாளரத்தின் மூலைகள், ஸ்லைடின் முன்பக்க அடிப்பாகம், ஃபிரேமில் டிரிகர் கார்டு சேரும் இடம், தண்டவாளத்தின் முனைகள் ஆகிய இடங்களில் பாருங்கள். முடிந்ததும் சாக்பீஸ் தூளை முழுக்கத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். அந்தத் தூள் ஈரம் பிடிக்கும். ஸ்லைடிலோ ஃபிரேமிலோ விரிசல் என்றால் பேரம் இல்லை. "வெல்டு வச்சிரலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்லைடு சூட்டுப் பதம் பார்த்துச் செய்த இரும்பு. வெல்டு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். சுடும்போது அது உங்கள் முகத்துக்கு நேரே பின்னால் வருகிற பாகம்.

இப்போது இயக்கம். காலியாக டிரிகர் இழுத்துப் பார்ப்பதற்கு மருந்தில்லாத டம்மி ரவுண்டு போட்டுக்கொள்வது நல்லது. பிரைமரை அடிக்கும் பழைய ஃபயரிங் பின்கள் வெறும் காற்றில் அடித்தால் முனை உடைவதுண்டு. பிஸ்டலின் வாய் எப்போதும் ஆள் இல்லாத பக்கம்தான் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஹேமர் வெளியே தெரிகிற பிஸ்டலில், ஹேமரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு, டிரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரை முன்னோக்கி ஓரளவு அழுத்தமாகத் தள்ளுங்கள். விழக் கூடாது. விழுந்தால் உள்ளே ஹேமரைப் பிடித்து நிறுத்தும் சியரும் ஹேமர் வெட்டும் தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ டிரிகரை இலகுவாக்க அரம் போட்டிருக்கிறார்கள். இரண்டாவதுதான் அதிகம். டிரிகர் பூப்போல இருக்கிறது என்று விற்கிறவர் பெருமையாகச் சொல்கிற பிஸ்டலில் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்.

அப்புறம் டிரிகரை இழுத்துப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து விடுங்கள். ஹேமர் பின்னாலேயே நிற்க வேண்டும். டிரிகரை மெல்ல விடும்போது ஒரு சின்ன "டிக்" கேட்கும். அதற்குப் பிறகு இழுத்தால்தான் விழ வேண்டும். ஸ்லைடோடு ஹேமரும் சேர்ந்து முன்னால் வந்துவிட்டால் அந்த பிஸ்டல் ஒரே இழுப்பில் இரண்டு ரவுண்டு போகும் அபாயத்தில் இருக்கிறது. ஸ்லைடை இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னுக்குப் பிடித்துக்கொண்டு டிரிகரை இழுத்தாலும் விழக் கூடாது. சேஃப்டியைப் போட்டு டிரிகரை நன்றாக அழுத்தி விட்டுவிட்டு, பிறகு சேஃப்டியை மட்டும் எடுங்கள். அப்போதும் எதுவும் விழக் கூடாது.

பிபியில் சேஃப்டியைக் கீழே தள்ளினால் ஹேமர் தானாக விழும், ஆனால் ஃபயரிங் பின் தடுக்கப்பட்டிருக்கும். தடுக்கிறதா என்று தெரிந்துகொள்ள, சேம்பரில் எதுவும் இல்லாமல், பேரலுக்குள் ரப்பர் முனை உள்ளே போகும்படி ஒரு பென்சிலைப் போட்டு வாயை மேல்நோக்கிப் பிடியுங்கள். சேஃப்டியால் ஹேமரை விழவைக்கும்போது பென்சில் அசையக் கூடாது. சேஃப்டி எடுத்து டிரிகர் இழுக்கும்போது துள்ள வேண்டும். துள்ளாமல் சோம்பலாக அசைந்தால் ஹேமர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது பழைய எண்ணெய் உள்ளே இறுகியிருக்கிறது. நம்ம ஊரில் பின்னதற்கு வாய்ப்பு அதிகம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் போட்டு, தூசி சேர்ந்து பிசினாக நின்ற பிஸ்டல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது குறை இல்லை, சுத்தம் செய்தால் போகும்.

எஃப்என் 1910-ல் ஹேமர் கிடையாது, உள்ளே நேராக முன்னே பாய்ந்து அடிக்கும் ஸ்ட்ரைக்கர்தான். அதில் காலி மேகசினை உள்ளே வைத்தால்தான் டிரிகர் வேலை செய்யும். மேகசின் இல்லாமல் வேலை செய்யவில்லை என்று பயந்து திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. கைப்பிடியின் பின்பக்கத்தில் இருக்கும் கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் டிரிகரை இழுத்துப் பாருங்கள். வேலை செய்துவிட்டால் அது பழுது.

ரீகாயில் ஸ்பிரிங்கைப் பார்க்க, வாயை மேலே தூக்கிப் பிடித்து, ஸ்லைடை ஒரு விரல் அகலம் இழுத்து மெல்ல விட வேண்டும். கையை எடுத்த பிறகு முழுசாக மூடிக்கொள்ள வேண்டும். கடைசி மில்லிமீட்டரில் சோம்பி நின்றால் ஸ்பிரிங் மாற்ற வேண்டும். .32 பிஸ்டல்களில் பெரும்பாலும் சுடும்போது பேரலையும் ஸ்லைடையும் பிணைத்து வைக்கும் பூட்டு என்று ஒன்று கிடையாது. ஸ்லைடின் எடையும் இந்த ஸ்பிரிங்கும்தான் பின்னால் வரும் வேகத்தைத் தாங்குகின்றன. அது தளர்ந்த நிலையில் சுட்டுக்கொண்டே இருந்தால் ஸ்லைடு ஃபிரேமை அடித்து அடித்து, அங்கேதான் பிறகு விரிசல் விடும். ஸ்பிரிங் மாற்றுவது பெரிய செலவு இல்லை. மாற்றாமல் விட்டதன் விளைவுதான் செலவு.

சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி முனை கூர்மையாக இருக்கிறதா, பிரீச் முகத்தில் ஃபயரிங் பின் துளை வட்டமாக இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். உரிமையாளர் சுட்ட வெற்றுக் கூடுகளை வைத்திருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். எனக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிரைமரில் அடி நடுவில் விழுந்திருக்கிறதா, பக்கத்தில் நீளக் கோடுகள் இருக்கிறதா, அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா என்று பார்த்தாலே சேம்பரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

மேகசினை யாரும் பார்ப்பதில்லை. சுடும்போது வரும் தடங்கலில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது என்பது ராணுவத்திலும் பார்த்தது, இங்கேயும் பார்ப்பது. மேலே ரவுண்டைப் பிடித்திருக்கும் இரண்டு உதடுகளும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் இருக்க வேண்டும். கீழே விழுந்த மேகசினில் ஒரு பக்க உதடு விரிந்திருக்கும். பின்பக்க மூலையில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். தோட்டாக்களைத் தாங்கும் உள்தட்டை விரலால் அழுத்தி விட்டால் ஒரே வீச்சில் மேலே வர வேண்டும். பழைய வெளிநாட்டு மாடலுக்குச் சரியான மேகசின் கிடைப்பது பெரும்பாடு. ஒரிஜினல் மேகசின் இரண்டு இருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்தான்.

எண்களைக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். ஃபிரேமில் ஒன்று, ஸ்லைடில் ஒன்று, பல மாடல்களில் பேரலிலும் ஒன்று இருக்கும். மூன்றும் பொருந்த வேண்டும். விற்பவர் லைசென்ஸில் எழுதிய எண்ணோடு ஒரு எழுத்து பிசகாமல் பொருந்த வேண்டும். ஸ்லைடு எண் மட்டும் வேறு என்றால் எப்போதோ பாகம் மாற்றியிருக்கிறார்கள். வேலை சரியாகச் செய்தால் வாங்கலாம், விலை குறையும். ஃபிரேம் எண்ணைச் சுரண்டியோ, மேலே மறுபடி அடித்தோ இருந்தால் அதைத் தொடவே கூடாது. அடையாள எண் இல்லாத துப்பாக்கியை விற்பது ஆயுதச் சட்டப்படி குற்றம்; கையில் வைத்திருந்தால், இல்லையென்று நிரூபிக்கும்வரை எண்ணை அழித்தவர் நீங்கள்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

சுட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் தோட்டத்தில் போய் ஒரு ரவுண்டு சுட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும்தான்.

வாங்கிய பிறகு நம்ம ஊரில் வைத்திருக்கும் முறை ஒன்று உண்டு. தோல் உறைக்குள் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். தோல் பதனிடும் உப்பும் அது இழுக்கும் ஈரமும் சேர்ந்து, உறை தொட்ட இடமெல்லாம் துரு ஏறும். உறையை வெளியே போகும்போது மட்டும் பயன்படுத்துங்கள். மெல்லிய எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இரும்புப் பெட்டியில் வையுங்கள். பொட்டலம் நிறம் மாறினால் மாற்றுங்கள். ஜூன் தொடங்குமுன் ஒருமுறை, அக்டோபருக்கு முன் ஒருமுறை கைப்பிடித் தகட்டைக் கழற்றித் துடைக்க வேண்டும்.

தேர்தல் அறிவித்ததும் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். அப்போது காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ மாதக்கணக்கில் கிடக்கும். ஒப்படைக்கும் முன் வழக்கத்தைவிடக் கெட்டியாக எண்ணெய் தடவுங்கள், கைப்பிடித் தகட்டுக்கு அடியிலும் சேர்த்து. தோல் உறையோடு கொடுக்காமல் துணியில் சுற்றிக் கொடுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் பிஸ்டல் எண்ணோடு எத்தனை மேகசின், எத்தனை ரவுண்டு என்பதையும் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கேயே மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பரையும் பேரலையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.